கடைசி இடத்துக்குப் போட்டி

ஜனவரி 9, வியாழன்

வெளியே மைனஸ் முப்பத்தெட்டு. உள்ளே பனித்தளம் மைனஸ் ஐந்தரை. தெருவில் நடப்பதைவிட ஐஸ்மேல் நிற்பது கதகதப்பு. சஸ்கட்டூனில் ஜனவரி என்றால் எல்லாமே தலைகீழ்தான்.

ஐஸ் ஹாக்கி ஆட்டமும் தலைகீழ். 6–1 தோல்வி. ஆறாவது கோல் நம் வலைக்குள் விழுந்ததும் கைதட்டியது நம் ஊர் ஜனம். நம் அணி கொக்குகள்; அவர்கள் சட்டையைப் போட்டுக்கொண்டே, கொக்குகள் தோற்றதற்குக் கைதட்டல். மேல் வரிசையில் ஒரு துணி: "லிண்ட் வரும்வரை தோற்போம்."

டோரீன் ஆட்டத்தின் மூன்றாவது, கடைசிப் பகுதியிலேயே கீழே வந்துவிட்டார். முப்பது வருஷமாக இந்த அரங்கின் குளிர்பதன அறையை ஆள்பவர், எனக்கு மேலதிகாரி. கம்ப்ரஸர் சத்தத்துக்கு மேலே கத்தினார்: "ஏன்டா ஓரெஸ்ட், இது என்ன அரங்கமா, இழவு வீடா? இழவு வீட்லகூட இப்படிக் கைதட்ட மாட்டானுங்க."

"கணக்கு அப்படி."

"உன் கணக்கக் கொண்டுபோய்க் கன்டென்சர்ல போடு."

வெள்ளைப் பலகையில் எழுதிக் காட்டினேன். ஜூனில் புது ஆட்டக்காரர்களை அணிகள் பிரித்துக்கொள்ளும். மட்டமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு. அதற்காகவே எல்லோரும் தோற்பார்கள் என்பதால் நடுவில் ஒரு குலுக்கல் வைத்திருக்கிறார்கள், எந்திரத்தில் பந்துகளைப் போட்டு. கடைசியில் முடித்தால் முதல் தேர்வு கிடைக்க நாலில் ஒரு வாய்ப்பு. கடைசிக்கு முந்தின இடம் என்றால் ஏழில் ஒன்று. காஸ்பர் லிண்ட் மாதிரி ஒருவன் இருபது வருஷத்துக்கு ஒருமுறைதான் வருவான். ஆகவே தோற்பதுதான் சரி. இதில் அழ என்ன இருக்கிறது?

டோரீன் பலகையைத் துடைத்துவிட்டு அதில் பம்ப் நேரத்தை எழுதினார்.

ஜனவரி 13, திங்கள்

புது ஆள் வந்திருக்கிறான். புது ஆள் என்றால் வயது முப்பத்து மூன்று. லைல் ஹௌகன். தெற்கே ஏதோ கோதுமை ஊர். பதினோரு வருஷமாகக் கீழ் லீக்கில் பஸ்ஸில் அலைந்தவன். மூன்று நல்ல ஆட்டக்காரர்களை விற்றுவிட்டார்கள் இல்லையா, அந்தக் காலி இடத்துக்கு.

பயிற்சி முடிந்ததும் கூடுதலாக அடிக்க விரும்புகிறவர்களுக்கு வலையில் நிற்க ஆள் வேண்டும். வழக்கம்போல என்னைக் கூப்பிட்டார்கள். நான்தானே இந்தக் கட்டிடத்தின் அவசர கோல்கீப்பர். எல்லா அரங்கிலும் அப்படி ஒருவன் உண்டு. சம்பளத்துக்கு ஆடாதவன், வேறு வேலை பார்க்கிறவன். இரண்டு அணிகளில் எதற்காவது இரண்டு கோல்கீப்பரும் அடிபட்டால் அவன் இறங்க வேண்டும். நம் அணி, எதிரணி என்ற பேதம் கிடையாது. பல்கலைக்கழகத்தில் நாலு வருஷம் வலையில் நின்றதால் என்னைப் பிடித்துப் போட்டார்கள். மூன்று சீசனாக ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மேலே உட்கார்ந்து உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை தின்கிறேன். ஒருமுறைகூட இறங்கியதில்லை.

லைல் முப்பது முறை பக்கை, அந்த ரப்பர் வட்டை, வலைக்கு அடித்தான். முப்பதும் ஒரே இடம்: என் இடது தோளுக்கு மேல், பிடிக்கிற உறை இருக்கும் பக்கம். பத்தாவது அடியிலேயே தெரிந்துவிட்டது. அப்புறம் அவன் தோள் சாயும்போதே என் இடது கை மேலே போய்விடும்.

"யோவ் கிழவா, வேற எங்கயும் அடிக்கத் தெரியாதா?"

"தெரியும் தம்பி. கைக்குத்தான் தெரியாது."

ஜனவரி 14, செவ்வாய்

பெரிய லீக்கில் லைல் முன்பு ஆடியது ஐம்பத்தெட்டு ஆட்டம், பதினோரு வருஷத்துக்கு முன்னால். கோல் பூஜ்யம். இணையத்தில் பார்த்தேன். இரண்டு முறை பார்த்தேன்.

ஜனவரி 27, திங்கள்

இன்று நாங்கள் இருவர் மட்டும். மேல் விளக்குகளில் பாதிதான் எரிந்தது. தண்ணீர் ஊற்றிய புது ஐஸிலிருந்து ஆவி முழங்கால் உயரத்துக்கு மிதந்தது. லைல் அதற்குள்ளிருந்து வருவதைப் பார்த்தால் கால் இல்லாத மனிதன் மாதிரி இருந்தது. சறுக்குக் கத்தி ஐஸைக் கீறும் சத்தம் மட்டும் முன்னே வரும், ஆள் பின்னால் வருவான்.

தண்ணீர் குடிக்கும்போது சொல்லிவிட்டேன். எனக்கு மறைத்து வைக்க வராது.

"உன்னைக் கூப்பிட்டது ஜெயிக்க இல்ல, தெரியும்ல? தோக்கத்தான்."

அவன் தொப்பியைக் கழற்றித் தலையைத் தேய்த்தான். "போன் வந்தப்பவே தெரியும்டா. என் பொண்டாட்டி மார்னிகிட்ட சொன்னேன், 'ஏய், நான் போதுமான அளவு மட்டமா இருக்கேனாம், கூப்பிட்டிருக்காங்க'ன்னு. விழுந்து விழுந்து சிரிச்சா. வேணாம்னா சொல்லணும்? பதினோரு வருஷம் கழிச்சுக் கதவு தொறக்குது. எதுக்குத் தொறந்தாங்கன்னு கேட்டுட்டு வாசல்லயே நிக்கிறதா?"

"உள்ள வந்து என்ன செய்யப்போற?"

"ஒரு கோல். ஒன்னே ஒன்னு. மே மாசத்துலேர்ந்து ஊர்ல தானியக் கிடங்குல வேலை, பேசியாச்சு. இதுதான் கடைசி சீசன். ஒன்னு அடிச்சுட்டுப் போயிட்டா, அதுக்கப்புறம் கோதுமைய அளந்துகிட்டு நிம்மதியா இருப்பேன்."

"அணி தோக்கணும், நீ கோல் அடிக்கணும். ரெண்டும் ஒன்னுக்கொன்னு இடிக்குது."

"இடிக்கல. 6–1ல அந்த ஒன்னு நானா இருந்துட்டுப் போறேன்."

கணக்கில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை.

பிப்ரவரி 8, சனி

லைல் அடித்த பக் குறுக்குக் கம்பியில் பட்டு மேலே எகிறியது. மணி அடித்த மாதிரி சத்தம். அரங்கம் முழுக்க ஒரு பெருமூச்சு. அது வருத்தம் இல்லை, நிம்மதி; அப்புறம் கைதட்டல்.

பிறகு உடை மாற்றும் அறை வாசலில் பார்த்தேன். "சொந்த அரங்கத்துல நான் கோல் தவறவிட்டதுக்கு எழுந்து நின்னு கைதட்டறாங்கடா," என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். முழங்காலில் ஐஸ் பை கட்டியிருந்தது.

பிப்ரவரி 22, சனி

ஆற்றுப் பாலத்தில் நடந்து வேலைக்குப் போனேன். உறையாத நடுப்பகுதியிலிருந்து புகை எழுந்துகொண்டிருந்தது. சூரியனுக்கு இரண்டு பக்கமும் இரண்டு போலிச் சூரியன்கள். காற்றில் மிதக்கும் பனித்துகளின் ஒளிவிலகல், இருபத்திரண்டு பாகை. தெரியும். தெரிந்தும் பத்து நிமிடம் நின்றேன். எது நிஜம் என்று கேட்டால் நடுவில் இருப்பது என்று சொல்லலாம். ஆனால் அதைக் கண்ணால் பார்க்க முடியவில்லை, பக்கத்தில் இருக்கும் இரண்டைத்தான் பார்க்க முடிந்தது.

மூக்கு மரத்துப்போனதும் கிளம்பினேன்.

மார்ச் 5, புதன்

மாடியில் இருக்கும் அணி நிர்வாகத்திலிருந்து ஒரு கோட்டுக்காரர் வந்தார். பேரைச் சொல்லவில்லை. ஐஸை ஒரு டிகிரி இளக்கமாக வைத்தால் மின்சாரம் மிச்சமாகுமே என்று கேட்டார். இளகிய ஐஸில் பக் துள்ளும், வேகமாக ஓடுகிற ஆள் மெதுவாகிவிடுவான். நம் அணியில் மிச்சம் இருப்பது வேகமாக ஓடும் இரண்டு பேர்தான்.

"முடியாது," என்றேன்.

"நீ தோக்கணும்னு சொல்ற ஆளுன்னு கேள்விப்பட்டேனே?"

"ஆமா. அது உங்க வேலை. ஐஸ் என் வேலை."

அவர் போனதும் டோரீன் தன் டிபன் டப்பாவிலிருந்து இரண்டு கொழுக்கட்டையை என் மூடியில் வைத்தார். அவர் யாருக்கும் கொடுத்து நான் பார்த்ததில்லை.

"ரொம்பப் பூரிக்காத," என்றார். "நீ இன்னும் முட்டாள்தான்."

மார்ச் 29, சனி

ஆட்டக்காரர்கள் யாரும் வேண்டுமென்று தோற்கவில்லை. இதை யாரும் எழுதுவதில்லை, நான் எழுதி வைக்கிறேன். தோற்பதற்கு மாடியில் ஏற்பாடு செய்துவிட்டார்கள். கீழே இருப்பவன் ஒவ்வொருவனும் உயிரைக் கொடுத்து ஆடுகிறான், தோற்கிறான். கடிகாரத்தைப் பின்னுக்குத் திருப்பிவிட்டு முள்ளை ஓடச் சொல்கிற மாதிரி.

லைல் இன்று உதட்டில் ஐந்து தையல். கோல் இல்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

நாளை பிற்பகல் கடைசி ஆட்டம். நமக்கும் மேற்குக் கடற்கரை அணிக்கும் சமப் புள்ளி. அவர்கள் ஆட்டங்களை முடித்துவிட்டார்கள். நாளை நாம் தோற்றால், ஜெயித்த ஆட்டங்கள் நமக்குக் குறைவு என்பதால், கடைசி இடம் நமக்கு. ஜெயித்தால் அவர்களுக்கு. ஊர் முழுக்க இதே பேச்சு. காப்பிக் கடையில் ஒரு கிழவர் தோற்க வேண்டி மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்ததாகச் சொன்னார்.

காலையில் லைலுக்கு வலையில் நின்றேன். நாற்பது அடி. நாற்பதும் இடது தோளுக்கு மேல். முப்பத்தொன்று பிடித்தேன்.

"நாளைக்கு வேற கோல்கீப்பர்," என்றேன். "அவனுக்கு உன் பழக்கம் தெரியாது."

"எல்லாருக்கும் தெரியும்டா. வீடியோ இருக்கே." பக்குகளை மட்டையால் ஒவ்வொன்றாக வாளிக்குள் தள்ளினான். "எண்பத்தெட்டு ஆட்டம். மார்னி நாளைக்கு வர்றா. வராதன்னு சொன்னேன். 'நீ அடிக்காதத நேர்ல பாத்தா மனசு அடங்கிடும்'ங்கறா."

கதவைத் திறந்து விட்டான், நான் முதலில் வெளியேறினேன்.

ஏப்ரல் 12, சனி, மாலை

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

எதிரணி கிழக்குத் துறைமுகத்துக்காரர்கள், சிவப்புச் சட்டை. முதல் பகுதியிலேயே அவர்களுடைய கோல்கீப்பர் தொடையைப் பிடித்துக்கொண்டு வெளியேறினான். இரண்டாவது ஆள் வந்தான். மூன்றாவது பகுதி தொடங்கி ஆறு நிமிடத்தில் நம் ஆள் ஒருவன் தடுக்கி அவன்மேல் விழுந்தான். எழுந்து உட்கார்ந்தவன் நடுவரிடம் இது எந்த ஊர் என்று கேட்டானாம். அவ்வளவுதான்.

நான் கொழுக்கட்டையை வாயில் வைத்திருந்தேன். போன் அடித்தது.

சிவப்புச் சட்டை. முதுகில் பேர் இல்லை. தெரியாத பதினெட்டு பேர் என் ஹெல்மெட்டைத் தட்டினார்கள். அவர்களுடைய தலைவன் கேட்டான், "என்ன வேலை பாக்கற?"

"இந்த ஐஸ் போடறவன்."

"அப்ப உனக்கு இது வீட்டுத் தரை மாதிரி. ஓரமா வர்றத எங்க ஆளுங்க பாத்துக்குவாங்க. நேரா வர்றத மட்டும் நீ புடி."

சுரங்கப் பாதையில் டோரீன் நின்றிருந்தார். என் சட்டையின் நிறத்தைப் பார்த்தார். "அசிங்கமா இருக்கு," என்றார். பிறகு கழுத்துப் பட்டையை இழுத்துச் சரிசெய்தார். "யாரு ஜெயிக்கணும்னு யோசிக்காத. வர்றத புடி. வேற ஒன்னும் செஞ்சுடாத, புரியுதா?"

3–2. சிவப்புச் சட்டைகள் முன்னிலை. பதினாலு நிமிடம்.

நான் யார் என்று ஒலிபெருக்கியில் சொன்னதும் அரங்கம் எழுந்து நின்றது. என் ஊர். என் ஊர் அணிக்கு எதிராக நிற்கிறேன், என் ஊரே எனக்காகக் கத்துகிறது. பதினெட்டாயிரம் பேர் ஓரெஸ்ட், ஓரெஸ்ட் என்கிறார்கள். இதை எந்தச் சமன்பாட்டில் போடுவது?

முதல் பக் முழங்காலில் பட்டது. நான் தடுக்கவில்லை, அதுவாக வந்து பட்டது. அதற்குப் பிறகு சத்தம் குறைய ஆரம்பித்தது. யாரும் குரலைக் குறைக்கவில்லை, எனக்குத்தான் தூரமாகப் போனது. காலுக்கடியில் உப்புத் தண்ணீர் குழாய்களில் ஓடுவது கேட்டது. சத்தியமாகக் கேட்டது. பன்னிரண்டு மைல் குழாய், நான் ஒவ்வொரு இணைப்பையும் பார்த்தவன். வெளிச்சம் ஐஸுக்குள்ளிருந்து வருவது போலிருந்தது. எல்லோரும் ஏதோ ஏரிக்கு அடியில் நீந்துகிற மாதிரி மெதுவாக வந்தார்கள், மெதுவாக அடித்தார்கள். நான் மெதுவாகக் கையை நீட்டினேன். பக் அங்கே இருந்தது. ஒன்பது முறை அப்படி.

நாலு நிமிடம் மிச்சம். சிவப்புச் சட்டை ஒருவன் நடு வட்டத்தில் சறுக்கி விழுந்தான். பக் தனியாகக் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு ஒருவன் மட்டும் வந்தான். முன்னால் யாரும் இல்லை. பின்னாலும் யாரும் இல்லை.

லைல்.

எவ்வளவு நேரம் இருக்கும், மூன்று விநாடி? அதற்குள் நான் யோசித்ததை எழுத ஒரு பக்கம் போதாது. உதட்டில் தையல் தெரிந்தது. மார்னி எந்த வரிசையில் இருப்பாள் என்று நினைத்தேன். அவன் தோள் சாய்ந்தது — இடது மேல். எண்பத்தெட்டு ஆட்டம். என் இடது கை தானாக எழப் பார்த்தது. நான் அதைப் பிடித்து நிறுத்தினேன்.

ஆமாம். நிறுத்தினேன். எழுதிவிட்டேன். நகராதே என்று எனக்கு நானே சொன்னேன். போகட்டும். அவன் வழக்கமான இடத்தில் அடிப்பான், நான் அசையாமல் நிற்பேன், தோளுக்கு மேலே போகும், உள்ளே விழும், முடிந்தது. குலுக்கலாவது லிண்டாவது.

வலது விலாவில் இடித்தது.

பக் என் காலடியில் விழுந்தது. அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன். விசில். அப்புறம்தான் சத்தம் திரும்பி வந்தது, கூரை பிய்த்துக்கொள்கிற மாதிரி.

லைல் என் முன்னால் பனித்தூள் பறக்க நின்றான். மூச்சு வாங்கியது. என்னையே பார்த்தான். பிறகு சிரித்தான். நிஜமான சிரிப்பு.

"எப்படிடா? பதினோரு வருஷமா ஒரே எடத்துல அடிச்சவன், இன்னைக்கு ஒருநாள்தான்டா மாத்தினேன்! தோள மட்டும் காட்டிட்டு இந்தப் பக்கம் அடிச்சேன். நீ அந்தப் பக்கம் பாய்வன்னு சூடம் அடிச்சுச் சொல்லியிருப்பேன். நீ ஒரு இஞ்ச் அசையலயேடா!"

நான் பக்கை எடுத்து நடுவரிடம் நீட்டினேன். அவன் மட்டையால் என் கால் கவசத்தை ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனான்.

3–2. கடைசி இடம் நமக்கு. என்னைத் தோளில் தூக்கினார்கள்.

ஏப்ரல் 13, ஞாயிறு

விலாவில் நீலம். பக் வட்டம் அப்படியே பதிந்திருக்கிறது. தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன்.

ஒழுங்காக ஆடியிருந்தால் இடப்பக்கம் பாய்ந்திருப்பேன். வலப்பக்கம் முழுக்கத் திறந்திருக்கும். விட்டுக்கொடுக்கப் போய்த்தான் தடுத்தேன். இதைவிட மடத்தனமாக ஒருவன் ஒரு காரியத்தைச் செய்ய முடியுமா?

ஏப்ரல் 14, திங்கள்

ஆட்டக்காரர்கள் அலமாரிகளைக் காலி செய்தார்கள். லைல் எல்லோர் முன்னாலும் என் கழுத்தில் கை போட்டு இழுத்தான். "பதினோரு வருஷத்துல என்ன இந்த அளவுக்குப் படிச்ச கோல்கீப்பர் யாரும் இல்ல. இவன் மனசையே படிக்கறான்டா. ஐஸ்காரன்!"

"அதிர்ஷ்டம்," என்றேன்.

"பொய் சொல்லாத. அடக்கமா பேசுனா உனக்கு நல்லா இல்ல."

மார்னியும் இருந்தாள். உயரமானவள், மூக்கு சிவந்திருந்தது. என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். "வேற யாராவது தடுத்திருந்தா ஆறியிருக்காது," என்றாள். "அவரு உங்களப் பத்தியே பேசிட்டிருக்காரு."

சொல்லியிருக்கலாம். நான் யாருக்கும் எதையும் மறைக்காதவன் ஆயிற்றே. கோட்டுக்காரர் முகத்துக்கு நேரே முடியாது என்றவன். அங்கே நின்று தலையாட்டினேன்.

லைல் பையைத் தோளில் போட்டுக்கொண்டு போனான். திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க என்ன இருக்கிறது, காலி அலமாரி.

ஏப்ரல் 23, புதன்

என் முகம் போட்ட பனியன் விற்கிறார்கள். அடியில் எழுதியிருக்கிறது: "அசையாதவன்". காப்பிக் கடையில் எனக்குக் காசு வாங்க மாட்டேன் என்கிறார்கள். இப்போது வேறு கடைக்குப் போகிறேன்.

மே 5, திங்கள்

குலுக்கல். குளிர்பதன அறையில் சின்ன டிவியில் பார்த்தோம். கண்ணாடிக் குடுவைக்குள் பதினாலு பந்து, காற்றில் குதித்துக்கொண்டே இருந்தன. சோப்பு நுரை மாதிரி, அவசரமே இல்லாமல். ஒவ்வொன்றாக மேலேறி வந்தன.

நாம் மூன்றாவது. அதற்குக் கீழே விழ விதியில் இடமில்லை என்பதால் மூன்றாவது.

லிண்ட் போனது கடைசி வாரம்வரை ஜெயிக்கப் பார்த்த ஓர் அணிக்கு. நாலில் மூன்று முறை இப்படித்தான் நடக்கும், கணக்கே அதுதான். நானே பலகையில் எழுதியது. ஆனாலும் யாரோ என்னை ஏமாற்றிவிட்ட மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

டோரீன் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. டிவியை அணைத்துவிட்டு, "ரெண்டாவது பம்ப்ல சீல் கசியுது, பாரு," என்றார்.

பார்த்தேன். கசிந்தது.

மே 7, புதன்

டோரீனிடம் சொல்லிவிட்டேன், லைல் விஷயத்தை. ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"நான் என்னடா சொல்லி அனுப்பினேன்?"

"வர்றத புடின்னு."

"அதுக்கு மேல ஏதாவது செய்யச் சொன்னேனா?"

"இல்ல."

"என்கிட்ட எதுக்குச் சொல்ற? உன்கிட்ட பக் அடிச்சது நானா?"

ஜூன் 3, செவ்வாய்

ஐஸை உருக்கினோம். குழாயில் வெந்நீர் விட்டதும் கோடுகள் முதலில் மங்கின, பிறகு சிவப்பும் நீலமும் கலைந்து மெல்ல நகர ஆரம்பித்தன. நடு வட்டம் ஒரு மேகம் மாதிரி வடிகால் பக்கம் போனது. ஒரு சீசன் முழுக்கத் தண்ணீராகி ரப்பர் பூட்ஸின் பாதத்தை நனைக்கும் உயரத்துக்கு நின்றது. நாலு மணிக்கு வெறும் சிமென்ட்.

ஆகஸ்ட் 30, சனி

போன். லைல்.

"டேய் ஐஸ்காரா! எங்க ஊர் ஐஸ் ரிங்க்ல கம்ப்ரஸர் ஓடுது, பத்து நிமிஷத்துல தானா நின்னுடுது. மெக்கானிக் மூணு வாரம் ஆகும்கறான். அக்டோபர்ல ஐஸ் போடணும். வந்து பாரேன். மார்னி சோறு போடுவா."

"அழுத்தம் ஏறி நிக்குது. கன்டென்சர்ல உப்பு படிஞ்சிருக்கும்."

"போன்லயே பாத்துட்டியா! இந்த ஊரே உன்னப் பாக்கணும்குது, தெரியுமா? கிடங்குல டெய்லி ஒருத்தன் கேப்பான், அந்தக் கதைய சொல்லுன்னு. நானும் சொல்வேன்."

எந்தக் கதை என்று கேட்கவில்லை.

செப்டம்பர் 20, சனி

மூன்றரை மணி நேரம் தெற்கே. இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த வயல், வானம் ரொம்பப் பெரிது, லாரி எழுப்பிய தூசி விழாமல் அப்படியே நின்றது. அவனிடம் சொல்ல வேண்டியதை வழி முழுக்க வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். எந்த வாக்கியமும் சரியாக வரவில்லை.

கன்டென்சர் நான் சொன்னதுதான். குழாய் சுவரில் விரல் கனத்துக்குச் சுண்ணாம்பு உப்பு. லைலும் நானும் அமிலம் விட்டுக் கழுவினோம். மதியம் மூன்றுக்குக் கம்ப்ரஸரைப் போட்டேன். பத்து நிமிடம் தாண்டியது. இருபது தாண்டியது. நிற்கவில்லை.

சின்ன ரிங்க். தரை சிமென்ட் இல்லை, மணல். மணலுக்குள் குழாய்கள். தடுப்புப் பலகைமேல் உட்கார்ந்து பார்த்தோம். கொஞ்ச நேரத்தில் ஈர மணலில் வெள்ளைக் கோடுகள் தோன்ற ஆரம்பித்தன, குழாய் போகும் வழியெல்லாம், யாரோ உள்ளேயிருந்து பென்சிலால் வரைகிற மாதிரி. தகரக் கூரை ஓட்டைகளில் வெயில் குத்தாக இறங்கியது. எங்கோ ஒரு புறா.

"அன்னைக்கு எனக்குத் தெரியாது," என்றேன்.

"என்ன தெரியாது?"

"நீ எங்க அடிப்பன்னு தெரியாது. இடது மேலதான்னு நெனச்சேன். நீ அடிக்கட்டும்னு நின்னேன். வேணும்னே. கைய தூக்காம நின்னேன்."

அவன் திரும்பவில்லை. வெள்ளைக் கோடு ஒன்று அவன் காலடிவரை வந்து நின்றது.

"எனக்குப் பிச்சை போடப் பாத்தியா?"

"ஆமா."

"உங்கிட்ட நான் கேட்டேனா?"

"இல்ல."

"எதுக்குடா உனக்கு இந்த வேலை? மாடில இருக்கறவன் ஊருக்காகத் தோத்தான். நீ எனக்காகவா?" குரல் தகரத்தில் மோதித் திரும்பி வந்தது. இறங்கிப் போனான். மணலின் ஓரமாக அந்தக் கோடிவரை நடந்தான். அங்கே கோல் கம்பிகள் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. அவற்றின் முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். கிளம்பிவிடலாமா என்று நினைத்தேன். கருவிப் பெட்டி அவன் பக்கம் இருந்தது.

பிறகு அங்கிருந்தே கேட்டான். சத்தமாக இல்லை.

"நீ ஒழுங்கா ஆடியிருந்தா?"

"இடது பக்கம் பாஞ்சிருப்பேன்."

"முழுசா?"

"முழுசா. நாப்பதுல நாப்பதும் அங்கதானே அடிப்ப."

"அப்ப வலது பக்கம்?"

"காலி."

"எவ்வளவு காலி?"

எழுந்து நின்று கையை விரித்துக் காட்டினேன். அவன் திரும்பிப் பார்த்தான். நான் காட்டிய அளவைக் கண்ணாலேயே அளந்தான், பலகை வெட்டப் போகிற தச்சன் மாதிரி.

"அப்ப அது கோலுடா," என்றான்.

விரித்த கையை இறக்கினேன்.

"என் தோளப் பாத்து நீ ஏமாந்துட்ட. நான் உன்ன ஏமாத்திட்டேன். அப்புறம் நீ செஞ்சது உன் கோணங்கித்தனம். ஆனா ஏமாத்தினது ஏமாத்தினதுதான்."

"ஆமா. ஏமாந்துட்டேன்."

"இன்னொரு தடவ சொல்லு."

"ஏமாந்துட்டேன் லைல்."

வெள்ளைக் கோடுகள் ஒன்றோடொன்று சேர்ந்து மணல் முழுக்க நரைத்துக்கொண்டிருந்தது. அவன் அதைப் பார்த்துக்கொண்டே போனை எடுத்தான்.

"மார்னி? ...இல்ல, ஓடுது, நிக்கல. ஏய், கேளு. நான் ஒரு கோல் அடிச்சிருக்கேன்... ஏப்ரல்ல. ...ஆமாடி, ஏப்ரல்ல. வந்து சொல்றேன்." போனைக் காதிலிருந்து எடுத்து என்னைப் பார்த்தான். முகத்தில் இன்னும் கோபம் இருந்தது. "நீ சாப்டுட்டுத்தான் போகணுமாம். எனக்கு இஷ்டம் இல்ல. அவ சொல்றா."

கருவிப் பெட்டியை அவனே தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான்.